விரிசன்னம்: பன்றிக்குச் சுடும் தோட்டாவுக்கு ஒரு சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

குயின்ஸ்லாந்தில் ஒரு கரும்புத் தோட்டத்தில் வேலை செய்யும் என் மருமகன் போன மாதம் தொலைபேசியில் கேட்டான்: "மாமா, உடம்புக்குள்ள போய் விரியிற சன்னத்துக்குத் தமிழில என்ன சொல்லுறது?" சன்னம் என்று நாங்கள் சொல்வது துவக்கிலிருந்து, அதாவது துப்பாக்கியிலிருந்து, பறந்து போகும் துண்டை; ஆங்கிலத்தில் புல்லட்.

அங்கே காட்டுப்பன்றி வெளியிலிருந்து வந்து பெருகிய விலங்கு. இரவோடு இரவாகக் கரும்பைச் சாய்த்து மென்றுவிட்டுப் போகும். உரிமம் உள்ளவர்கள் ரைபிளால் சுடுகிறார்கள். அவனோடு புதிதாகச் சேர்ந்த வாழைச்சேனைப் பெடியன் ஒருவன் கடையில் விலை குறைந்த பெட்டியைப் பார்த்து வாங்கி வந்துவிட்டான். அது இலக்குப் பயிற்சிக்கான தோட்டா, அதன் சன்னம் விரியாது. பன்றிக்கு இரண்டு வெடி பட்டது. இரண்டும் ஊசி போல ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வெளியேறிவிட்டன. பன்றி கரும்புக்குள் ஓடி ஒளிந்தது. மறுநாள் மத்தியானம்தான் செத்துக் கிடந்ததைக் கண்டார்கள். அவ்வளவு நேரம் அந்தச் சீவன் பட்ட பாட்டை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. எந்தப் பெட்டியை எடுக்க வேண்டும் என்று அவனுக்கு ஆங்கிலத்தில்தான் சொல்லியிருக்கிறார்கள், தலையாட்டியிருக்கிறான், விளங்கவில்லை.

விரியும் சன்னத்துக்குத் தமிழ்ச்சொல் என்ன என்று நம் குழுவில் முன்பு வந்த யோசனைகளைப் படித்தேன். "விரிவடையும் தோட்டா" என்று சென்னையிலிருந்து ஒரு ஐயா எழுதியிருந்தார். முதலில் அதில் வரும் "தோட்டா"வைப் பிரித்துப் பார்ப்போம். துவக்குக்குள் போடும் முழுச் சாமானும் தோட்டா. அதன் பித்தளைக் கூடு கோது. உள்ளே இருப்பது மருந்து. முனையில் இருந்து பறந்து போவது சன்னம். விரிவது இந்தக் கடைசித் துண்டு மட்டும்தான், தோட்டா முழுவதும் அல்ல. மட்டக்களப்பில் இந்தச் சொற்களை யாருக்கும் படிப்பிக்கத் தேவையில்லை. "வெற்றுக் கோது கிடந்தது", "சன்னம் இன்னும் காலுக்குள்ள இருக்கு" என்று முப்பது வருடம் பேசிப் பழகிய ஊர் இது. அந்தப் பழக்கம் வந்த வழி நல்ல வழி அல்ல. ஆனாலும் சொற்கள் கூர்மையானவை, அவற்றை விட்டுவிட்டுப் புதிதாகத் தேடுவது வீண். "ரவை"யை மட்டும் நான் தவிர்க்கிறேன். செய்தித்தாளில் அது ஒருநாள் முழுத் தோட்டா, மறுநாள் சன்னம்.

"விரிகுண்டு" என்பது அடுத்த யோசனை. தமிழ்நாட்டில் துப்பாக்கியிலிருந்து போவதும் குண்டுதான். எங்களுக்குக் குண்டு என்றால் வெடித்துச் சிதறுவது. எங்கள் மட்டக்களப்புப் படுவான்கரையில் ஒரு விவசாயியிடம் போய்ப் பன்றிக்கு விரிகுண்டு என்று சொன்னால், தீனிக்குள் வைக்கிற பன்றிவெடி என்றுதான் எடுப்பார். அது வாயைப் பிளக்கும் கொடுமை. மாடும் கடிக்கும், யானைக் குட்டியும் கடிக்கும். அந்த நினைவைத் தரும் சொல்லே வேண்டாம்.

"மலர்சன்னம்" என்று ஒருவர் எழுதியதில் உவமை சரியாகவே இருக்கிறது. முழுச் செம்பில் செய்த சன்னத்தைப் பன்றியின் உடம்பிலிருந்து எடுத்துப் பார்த்தால், முனை நான்கு இதழாகப் பிரிந்து பின்னுக்கு மடிந்திருக்கும். மருமகன் படம் அனுப்பினான், பூவேதான். ஆனால் உயிரெடுக்கும் பொருளுக்குப் பூவின் பெயர் வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஆகவே என் பரிந்துரை விரிசன்னம். வினைத்தொகை என்பதால் இடையில் ஒற்று மிகாது. விரிகதிர், விரிகடல் போல. விரிந்த, விரிகின்ற, விரியும் என்று மூன்று காலமும் அதற்குள் அடங்கும். பெட்டியில் இருக்கும்போதும் அது விரிசன்னம், இறைச்சி வெட்டும்போது கையில் அகப்படும் நசுங்கிய துண்டும் விரிசன்னம்.

இனி இதன் எதிர்ச்சொல். ஆங்கிலத்தில் ஃபுல் மெட்டல் ஜாக்கெட் என்கிறார்கள். "முழுவுறைச் சன்னம்" என்று நானும் முதலில் எழுதினேன், பிறகு அழித்தேன். ஈயக் கருவைச் சுற்றிச் செப்புறை இருப்பது பெரும்பாலான விரிசன்னத்துக்கும் உண்டு. வேறுபாடு முனையில்தான்: ஒன்றில் முனை மூடியிருக்கும், மற்றதில் ஈயம் வெளியே தெரியும் அல்லது குழி இருக்கும். முழுவுறை என்று சொல்லப்படும் பலவற்றில் அடிப்பக்கம் திறந்தே இருக்கிறது, அங்கே ஈயம் தெரியும். முழு என்ற சொல்லே பொருந்தவில்லை. மூடுமுனைச் சன்னம் என்றால் பார்த்ததும் அடையாளம் பிடிக்கலாம். விரிசன்னத்தின் வகைகளையும் அப்படியே முனையை வைத்துப் பெயரிடலாம்: ஈயமுனை, குழிமுனை, பிளாஸ்டிக் முனை.

இரண்டுக்கும் தனிப் பெயர் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், இரண்டின் வேலையும் வேறு. கல்கத்தாவுக்கு அருகே டம்டம் ஆயுதசாலையில் செய்த விரியும் சன்னங்கள் பேர்பெற்றுப்போய், 1899 ஹேக் பிரகடனம் போரில் அவ்வகையைத் தடை செய்தது. அதனால் படையினரின் சன்னம் மூடுமுனை. வேட்டையில் தேவை அதற்கு நேர் எதிர். .308 வின்செஸ்டர் என்ற ரைபிள் தோட்டாவில் 150 கிரெயின் (கிரெயின் என்பது எடை அளவு) சன்னம் குழலை விட்டு வெளியேறும்போது ஏறத்தாழ 3500 யூல் (ஜூல்) இயக்கசக்தி அதில் இருக்கும். விரியாமல் ஊடுருவிப் போனால் அந்தச் சக்தியின் பெரும் பங்கு பன்றிக்குப் பின்னால் போய்விடும். பின்னால் வாடியில், அதாவது குடிலில், படுத்திருப்பவர் யாரோ.

விரிந்தால் மட்டும் போதாது என்பதையும் சேர்க்க வேண்டும். முற்றிய ஆண்பன்றிக்கு, அதிலும் தனியனுக்கு, தோள்மேல் தோலுக்கடியில் தடித்து இறுகிய ஒரு படலம் உண்டு. மெல்லிய சன்னம் அதில் பட்டவுடனே விரிந்து உடைந்து நின்றுவிடும். காயம் பெரிதாகத் தெரியும், பன்றி சாகாது. மானைச் சுட்டுப் பழகியவர்கள் இன்னொரு பிழையும் விடுகிறார்கள். பன்றியின் இதயம் கீழே பதிவாக, முன்னங்கால்களுக்கு இடையில் இருக்கிறது. மானுக்குக் குறிவைப்பது போலச் சற்று உயரப் பின்னே வைத்தால் குடலில் படும். ஆகவே பன்றிக்கு வேண்டியது மெதுவாக விரிந்து, எடை இழக்காமல் ஆழம் போகும் சன்னம். செப்புறையும் ஈயமும் பிரியாமல் ஒட்டியதும், முழுச் செம்பில் ஆனதும் அந்த வகை. முழுச் செம்புக்கு இன்னொரு நன்மை, இறைச்சியில் ஈயத் துகள் கலக்காது. பிள்ளைகள் சாப்பிடுகிற வீட்டுக்கு இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

கிரெயின் என்ற அளவை "நெல்லெடை" ஆக்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். அழகான சொல். ஆனால் பழைய வாய்பாட்டில் நாலு நெல் ஒரு குன்றிமணி, குன்றிமணி 130 மில்லிகிராம் அளவில். கிரெயின் 65 மில்லிகிராம். அதாவது இரண்டு நெல். பெயரை மாற்றினால் கணக்குப் பிழைக்கும். கிரெயின் அப்படியே இருக்கட்டும்.

ரைபிள் எங்கள் பக்கத்துக் கதை அல்ல. இங்கே சோளனுக்கும் வேளாண்மைக்கும் காவல் இருப்பவரிடம், உரிமம் இருந்தால், பன்னிரண்டு போர் துவக்கு இருக்கும் (போர் என்பது ஆங்கில bore, குழலின் அளவு). ஒரு இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு உருண்டையாக்கினால் ஓர் உருண்டையின் குறுக்களவே குழலின் குறுக்களவு. அந்தப் பன்னிரண்டுதான் பெயரில் நிற்பது. அதில் போவது பல சன்னம், அவை விரிவதில்லை, பரவுகின்றன. எனவே "பரவல்" என்பதை அதற்கு ஒதுக்குவோம், "விரிதல்" ஒற்றைச் சன்னத்துக்கு. இரண்டையும் கலந்து எழுதாதீர்கள் என்று தாழ்மையாகக் கேட்கிறேன். பரணிலிருந்து சுடும் எங்கள் வழக்கத்தையும் மருமகனுக்குச் சொன்னேன்: மேலிருந்து கீழே சுட்டால் தவறிய சன்னத்தை நிலம் வாங்கிக்கொள்ளும்.

காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் சென்னைக்குப் போய்க் கலைச்சொல்லாக்கத்தில் உழைத்தவர். இரு கரைக்கும் பொதுவாக ஒரு சொல் நிற்க வேண்டும் என்ற ஆசை எங்கள் பக்கத்தில் பழையது. தமிழ்நாட்டு நண்பர்களுக்குச் சன்னம் என்றால் மெல்லியது என்று கேட்கும் என்பது தெரியும். இதற்கு வேறு தடை இருந்தால் எழுதுங்கள். தோள்மேல் படலத்துக்கு "தோட்கேடயம்" என்று ஒரு சொல் வைத்திருக்கிறேன், திருப்தி இல்லை. பன்றி உரித்துப் பழகிய யாராவது ஊர்ச்சொல் தெரிந்தால் தர வேண்டும்.

மருமகன் தோட்டாப் பெட்டிகள் வைக்கும் இரும்பு அலுமாரிக் கதவில் ஒரு தாள் ஒட்டக் காத்திருக்கிறான். நான் எழுதிக் கொடுத்தது இது: "பன்றிக்கு விரிசன்னம் மட்டும். மூடுமுனை பயிற்சிக்கு. சுடுமுன் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்." ஞாயிற்றுக்கிழமைக்குள் திருத்தம் வந்தால் மாற்றி அனுப்புகிறேன்.

அன்புடன்,
களுவாஞ்சிகுடியிலிருந்து