ஆர்டர் (Ardour) இசை மென்பொருளில் நேரடியாக வாசிக்கும்போது தாமதம், வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. ஆறு மாதமாகத் திறந்த மூல மென்பொருளில் மட்டுமே டெக்னோ இசை செய்து வருகிறேன். ட்ரம்முக்கு ஹைட்ரஜன், சிந்தசைசருக்கு சர்ஜ் எக்ஸ்டி, எல்லாவற்றையும் சேர்த்து மிக்ஸ் செய்ய ஆர்டர். ஒலித்தரத்தில் ஒரு குறையும் இல்லை. சர்ஜின் வேவ்டேபிள் ஒலிகளைக் கேட்டுத்தான் இந்த வழிக்கே வந்தேன்.

கீபோர்டில் நேரடியாக வாசிக்கும்போதுதான் சிக்கல். 48,000 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 48,000 ஒலி மாதிரிகள்) பஃபரை, அதாவது கணினி ஒரே தடவையில் கையாளும் மாதிரிகளின் எண்ணிக்கையை, 1024 என்று வைத்தால் ஒரு பஃபருக்கே சுமார் 21 மில்லிநொடி போய்விடுகிறது. கட்டையை அழுத்திய பிறகு ஒலி பிந்தி வருவது விரலுக்கே தெரிகிறது. சரி என்று 128-க்குக் குறைத்தால், கணக்குப்படி 3 மில்லிநொடிகூட ஆகாது. ஆனால் நாலைந்து சிந்த் ட்ராக் ஓடும்போது எக்ஸ்ரன் (கணினி உரிய நேரத்துக்குள் ஒலியைத் தர முடியாமல் தவறுவது) எண்ணிக்கை ஏறி, படபடவென்று வெடிப்புச் சத்தம் வருகிறது.

லினக்ஸில் ஒலியைக் கையாளும் பைப்வயர்தான் பயன்படுத்துகிறேன். ஒலி வேலைக்கு முன்னுரிமை தரும் ரியல்டைம் அனுமதி கொடுத்தாயிற்று. சிபியு வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரை பெர்ஃபார்மன்ஸுக்கு மாற்றியதில் கொஞ்சம் பலன் தெரிந்தது. மடிக்கணினி எட்டு வருடப் பழசு, 8 ஜிபி ராம்; புதிது வாங்க இப்போது வசதியில்லை.

சிபியு சுமையைக் குறைக்க ட்ராக்குகளை ஆடியோவாக மாற்றி வைத்துக்கொள்ளலாம்தான். ஆனால் வாசிக்கும்போதே ஃபில்டரைத் திருக வேண்டும், அதுதான் எனக்கு இந்த இசையின் உயிர்.

ரியல்டைம் கர்னல் (நேரம் தவறாமல் வேலை செய்ய அமைந்த லினக்ஸ் மையப்பகுதி) போட்டவர்களுக்கு உண்மையிலேயே வித்தியாசம் தெரிந்ததா? பைப்வயரை விட்டுவிட்டு ஆர்டரை நேராக ஆல்சாவில் (லினக்ஸின் அடிப்படை ஒலி அமைப்பு) ஓட்டியவர்கள் உண்டா? அடுத்த மாதம் நண்பர்கள் முன்னால் 20 நிமிடம் வாசிக்க ஒப்புக்கொண்டிருக்கிறேன். இதுபோன்ற பழைய கணினியில் வாசிப்பவர்கள், உங்கள் பஃபர் அளவையும் எத்தனை சிந்த் ஓட்டுகிறீர்கள் என்பதையும் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.