பிறக்கப்போகும் பிள்ளைக்கு யார் சேனை வைப்பது?

கேள்வி: சேரன்மகாதேவி மோட்டார் கடைக்காரன்

என் மனைவிக்கு இது ஏழாம் மாதம். தலைப்பிரசவம். வளைகாப்பு முடிந்ததும் ஆழ்வார்குறிச்சியில் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். அதற்குள் எங்கள் வீட்டில் ஒரு பேச்சு கிளம்பி, இன்னும் அடங்கவில்லை. பிள்ளை பிறந்ததும் யார் சேனை வைப்பது?

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். பிறந்த குழந்தையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீரையோ கருப்பட்டித் தண்ணீரையோ ஒரு சொட்டு தொட்டு வைப்பதைத்தான் சேனை என்கிறோம். வைப்பவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பது நம்பிக்கை. பையன் முரண்டு பிடித்தால் 'உனக்கு யார் சேனை வைத்தது?' என்று கேட்காத ஆச்சி எங்கள் பக்கத்தில் கிடையாது.

அம்மா என் மைத்துனரைச் சொல்கிறார். சென்னையில் வங்கி அதிகாரியாக இருக்கிறார். அவர் வைத்தால் படிப்பும் உத்தியோகமும் தானாக வரும் என்பது அம்மாவின் கணக்கு. மைத்துனர் நல்லவர், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் என் மனதில் இருப்பவர் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த அண்ணாச்சி.

அவரைப் பற்றிச் சொன்னால்தான் என் ஆசை புரியும். எரிந்துபோன மோட்டாரைக் கட்ட வரும்போது உள்ளே சுற்றியிருக்கும் பழைய செம்புக் கம்பிச் சுருளை, அதாவது காயிலை, வெட்டி எடுத்துவிட்டுப் புதிய கம்பியைச் சுற்றுவோம். அந்தப் பழைய செம்புக்குக் கிலோக் கணக்கில் விலை உண்டு. கொண்டுவருகிற விவசாயி அதைக் கேட்பதில்லை. பலருக்கு அது தெரியவே தெரியாது. அண்ணாச்சி அதைத் தராசில் நிறுத்து, அவர் கண்முன்னால் கூலியில் கழிப்பார். மோட்டார் ஓடத் தொடங்க உதவும் கெப்பாசிட்டர் என்கிற சின்னப் பாகம் மட்டும் போயிருந்தால் அதை மட்டும் மாற்றித் திருப்பிக் கொடுத்துவிடுவார். காயில் எரிந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் யாராலும் மறுக்க முடியாது. அப்படி ஒருமுறைகூட அவர் சொல்லி நான் கேட்டதில்லை. வாழை வாடுகிறது என்று கோடையில் யாராவது வந்து நின்றால் அன்றிரவே கட்டி முடித்து, வார்னிஷ் காய்வதற்கு உள்ளே பல்பைப் போட்டுவிட்டு, மோட்டார் பக்கத்திலேயே படுத்துக்கொள்வார். பணத்தைத் தார் வெட்டிய பிறகு வாங்கிக்கொள்வார்.

'அவர் நமக்குச் சொந்தமா? சேனை சொந்தத்துக்குள்தான் வைக்க வேண்டும்' என்கிறார் அம்மா. அதற்கு மேல் அவர் சொல்லாமல் விட்டதும் எனக்குப் புரிகிறது. அதுதான் நெஞ்சில் தைக்கிறது.

ஆணா பெண்ணா என்று தெருவே ஜோசியம் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஸ்கேனில் பார்த்துச் சொல்வது 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். எங்களுக்கும் தெரிந்துகொள்ள விருப்பமில்லை. எதுவானாலும் ஆற்றில் நீந்தப் பழக்குவேன். நான் கன்னடியன் கால்வாயில் தொடங்கித் தாமிரபரணிக்குப் போனவன். என் தங்கைக்கு அதே ஆற்றில் படித்துறை வரைக்கும்தான் அனுமதி. இன்றுவரை அவளுக்கு நீந்தத் தெரியாது. என் பிள்ளை என் கடைக்கு வரவேண்டும் என்று இல்லை. எந்த வேலையில் இருந்தாலும், எரியாத காயிலை எரிந்தது என்று சொல்லாத ஆளாக வரவேண்டும். ஏதாவது தவறிப்போனால் என்னிடம் மறைக்காமல் முதலில் என்னிடம் வந்து சொல்ல வேண்டும். என் அப்பாவின் சைக்கிள் மணி கேட்டால் நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவோம். அவரை நான் குறை சொல்லவில்லை, அந்தக் காலத்து அப்பாக்கள் பலர் அப்படித்தான். என் வீட்டில் அது வேண்டாம்.

அம்மா மனம் நோகாமல் இதை எப்படிப் பேசி முடிப்பது?

பதில் 1: பொன்னாக்குடி மருமகள்

தம்பி, அம்மா சொன்னது, நீங்கள் நினைப்பது, அண்ணாச்சியின் குணம் எல்லாம் எழுதிவிட்டீர்கள். சுமக்கிறவள் என்ன நினைக்கிறாள் என்று ஒரு வரி இல்லையே. முதலில் அவளிடம் கேளுங்கள்.

எங்கள் வீட்டில் என் மூத்தவளுக்குச் சேனை வைத்தவர் என் நாத்தனார். அவருக்குக் குழந்தை கிடையாது. எந்த விசேஷத்திலும் அவரைப் பின்வரிசையில் உட்காரவைப்பார்கள். அவர்தான் வைக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். மாமியார் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை, அவ்வளவுதான். இன்று பள்ளி விட்டதும் என் மகள் நேராகப் போவது அந்த அத்தை வீட்டுக்கு.

பதில் 2: ஓய்வுபெற்ற கிராமச் செவிலியர், அம்பாசமுத்திரம் வட்டாரம்

யார் வைப்பது என்பதற்கு முன்னால், வைக்கவே வேண்டாம் என்று சொல்ல வந்தேன். கோபப்படாதீர்கள். சர்க்கரைத் தண்ணீர், கருப்பட்டி, தேன், கழுதைப்பால் எல்லாவற்றையும் பிறந்த குழந்தை வாயில் வைத்துப் பார்த்தவள் நான். விரல் சுத்தமில்லை, தண்ணீர் சுத்தமில்லை. பிறகு வயிற்றுப்போக்கு என்று தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். தேன் ஒரு வயதுக்குள் கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி, சின்னக் குழந்தையின் தசைகளைத் தளர்த்தி மூச்சுக்கே ஆபத்தாகலாம்.

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்க வேண்டும். முதலில் மஞ்சளாக வருகிற சீம்பாலைக் கெட்ட பால் என்று பீய்ச்சி ஊற்றும் வீடுகள் உண்டு. நோயை எதிர்க்கும் சத்து அதில்தான் நிறைய இருக்கிறது. ஒரு சொட்டும் வீணாகக் கூடாது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான். மருத்துவர் தரும் மருந்தைத் தவிர வேறு எதுவும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். இதை உங்கள் மாமியாரிடமும் இப்போதே சொல்லிவைக்க வேண்டும். அந்த நேரத்தில் பிரசவ அறைப் பக்கம் இருப்பவர் அவர்தான், நீங்கள் இல்லை.

இன்னொன்று. ஏழாம் மாதத்தில் குழந்தைக்குக் காது கேட்கும். கடை அடைத்துவிட்டு வந்து கொஞ்ச நேரம் அதனுடன் பேசுங்கள். பிறந்த பிறகு உங்கள் குரல் அதற்குப் பழகிய குரலாக இருக்கும்.

கேள்வி கேட்டவர்

பொன்னாக்குடி அக்கா, நேற்று இரவு அவளிடம் கேட்டேன். அவள் மனதில் ஏற்கெனவே ஓர் ஆள் இருக்கிறார்: அவளுடைய ஆச்சி. பீடி சுற்றியே நான்கு பிள்ளைகளைக் கரையேற்றியவர். கண் மங்கிய பிறகும் மடியில் தட்டை வைத்துக்கொண்டு இலை வெட்டுவாராம். 'அந்த ஆச்சியின் வைராக்கியம் வந்தால் என் பிள்ளை எங்கேயும் பிழைத்துக்கொள்ளும்' என்றாள். இத்தனை மாதமாக அதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். 'நீங்களும் அத்தையும் பேசிக்கொண்டிருந்தீர்கள்' என்றாள்.

செவிலியர் அம்மா, நீங்கள் சொன்னதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். வாயில் எதுவும் வைப்பதில்லை என்று இருவரும் முடிவுசெய்துவிட்டோம். ஆனால் அண்ணாச்சியின் கை என் பிள்ளை மேல் படவேண்டும் என்கிற ஆசை போகவில்லை. அதற்கு வழி இருக்கிறதா?

பதில் 3: கல்லிடைக்குறிச்சித் தாத்தா

இருக்கிறது. என் பேத்தி பிறந்தபோது டாக்டர் கண்டிப்பாகச் சேனை கூடாது என்றுவிட்டார். பெண்களெல்லாம் கலங்கிப்போனார்கள். பிறகு நாங்களே ஒரு வழக்கம் செய்துகொண்டோம். பெயர் வைக்கும் நாளில், சேனை வைக்க நினைத்த ஆள் சோப்புப் போட்டுக் கைகழுவிவிட்டு வந்து உட்கார வேண்டும். பிள்ளையை மடியில் வாங்கி, காதில் மூன்று முறை பெயரைச் சொல்ல வேண்டும். வாயில் ஒன்றும் இல்லை. சேனைக்கு ஒரு கைதான், மடிக்குக் கணக்கு இல்லை. ஆச்சி, அண்ணாச்சி, மைத்துனர் மூவரும் வாங்கலாம். உங்கள் அம்மா சொன்ன ஆளும் அதில் இருப்பதால் அவர் வார்த்தையும் தள்ளுபடி ஆகாது.

அண்ணாச்சி விஷயத்தில் அம்மாவிடம் நியாயம் பேசி ஜெயிக்கப் பார்க்காதீர்கள். அந்தப் பழைய செம்பை நிறுத்துக் கழித்த கதையை அம்மாவிடம் எப்போதாவது சொல்லியிருக்கிறீர்களா? எங்களுக்குச் சொன்னதுபோல அவருக்கும் சொல்லுங்கள்.

பதில் 4: ஓய்வுபெற்ற கிராமச் செவிலியர்

தாத்தா சொன்ன முறைக்கு எனக்கு முழுச் சம்மதம். சளி, காய்ச்சல் இருப்பவர்கள் அன்று தள்ளி நின்றால் போதும். குழந்தையை யாரும் முத்தமிட வேண்டாம்.

பெயருக்கும் அவசரப்படாதீர்கள். பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்துவிட வேண்டும், பெயரைப் பிறகு சேர்க்கலாம். 12 மாதத்துக்குள் சேர்த்தால் கட்டணம் இல்லை. மருத்துவமனையில் யாரோ கேட்டார்கள் என்று வாய்க்கு வந்த எழுத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு திருத்த அலைகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி கேட்டவர்

தாத்தா, அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். செம்புக் கதையை, வார்னிஷ் காயும்வரை அவர் தூங்காமல் கிடந்ததை, முதல் கூலியை அவர் என் கையில் தராமல் அம்மாவிடம் கொடுக்கச் சொல்லி அனுப்பியதை. கடைசியாகச் சொன்னது அம்மாவுக்கும் நினைவிருந்தது. சேனை இல்லை என்பதில் இன்னும் வருத்தம்தான். 'டாக்டர் வாயால் கேட்டால் ஒப்புக்கொள்கிறேன்' என்கிறார். அடுத்த பரிசோதனைக்கு அவரையும் அழைத்துப் போகிறேன். அண்ணாச்சி பற்றிச் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வளைகாப்புக்கு அவரைக் குடும்பத்தோடு அழைக்கப்போகிறேன் என்றேன். மைத்துனர் உட்காரும் பந்தியிலேயே அவருக்கும் இலை போடலாம் என்றார் அம்மா.