புதுப்பிப்பு: மலைப்பூண்டு விற்க ஏஐ, விட்டுப்போன சில விஷயங்கள்

கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு ஆன்லைன் விவரம் எழுத ஏஐ பயன்படுத்தலாமா என்ற முந்தைய இழையின் தொடர்ச்சி இது.

தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் வெறுமனே ‘பூண்டு பற்றி எழுது’ என்றால் ‘ரத்தக் கொதிப்பைக் குணப்படுத்தும்’ என்று அள்ளிவிடும். அது இணையத்தில் படித்ததெல்லாம் அப்படி. உணவுப்பொருள் நோயைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்ய, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (FSSAI) 2018 விளம்பர விதிமுறைகளில் இடமில்லை. விளைந்த ஊர், அறுவடை மாதம், எடை, விலை எல்லாம் நீங்களே கொடுத்து, ‘இதற்கு மேல் எதையும் சேர்க்காதே’ என்று சொல்லுங்கள். அப்போதும் ஒருமுறை வாசித்துவிட்டே போடுங்கள். மலைப்பூண்டுக்கு 2019-இல் கிடைத்த புவிசார் குறியீட்டை (அந்த ஊரில் விளைந்தது என்பதற்கான அங்கீகாரம்), சமவெளிப் பூண்டு கலந்த மூட்டைக்கும் கூசாமல் ஒட்டிவிடும்.

படத்துக்கு ஏஐ வேண்டவே வேண்டாம், போன் கேமரா போதும்.

வாடிக்கையாளர் அனுப்பிய வாட்ஸ்அப் ஆர்டரை அப்படியே ஏஐயில் ஒட்டாதீர்கள். பெயர், நம்பர், முகவரியை நீக்கி, ‘ஆர்டர் 14, 2 கிலோ’ என்று மாற்றிய பிறகே கொடுங்கள்.