அப்பாவின் யூரிக் அமிலமும் பேட்டரிப் பட்டறை ஈயமும்: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

குழுவில் உள்ள அனைவருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 58 வயது. 26 ஆண்டுகளாகப் பேட்டரிப் பட்டறையில் வேலை. பழைய பேட்டரியை உடைத்து, ஈயத் தகடுகளைப் பிரித்து, உருக்கி வார்ப்பார். முகக்கவசம் கிடையாது; சாப்பாடும் அங்கேயேதான்.

இரண்டு ஆண்டுகளாகக் கால் பெருவிரல் வீங்கி, போர்வை பட்டால்கூடத் துடித்துப்போகிறார். யூரிக் அமிலம் 9.4 என்று கூடுதலாக இருக்கிறது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும் 1.6 ஆக ஏறிவிட்டது. "கறியையும் மதுவையும் குறையுங்கள்" என்கிறார்கள் மருத்துவர்கள். அப்பா மது தொட்டதே இல்லை, கறி மாதத்துக்கு ஒருமுறைதான். பார்த்த மருத்துவர்களில் ஒருவர்கூட என்ன தொழில் என்று கேட்கவில்லை. அதுதான் என் மனதை அறுக்கிறது.

ஈயம் சிறுநீரக நுண்குழாய்களைப் பழுதாக்கி, யூரிக் அமிலம் வெளியேறுவதைத் தடுக்கும் என்று படித்தேன். 1859-லேயே லண்டன் மருத்துவர் ஆல்ஃபிரட் காரட், தம்மிடம் வந்த கவுட் (யூரிக் அமிலம் மூட்டுகளில் படிந்து வரும் வாதம்) நோயாளிகளில் பலர் வண்ணம் பூசுவோரும் ஈயக் குழாய் வேலை செய்வோரும் என்று எழுதியிருக்கிறார். எலும்பில் படிந்த ஈயம் பல ஆண்டுகள் தங்குமாம். அப்படியானால் வேலையை விட்டாலும் ரத்தத்தில் கசிந்துகொண்டே இருக்குமே!

கோவை, ஈரோடு பக்கம் ரத்தத்தில் ஈய அளவைப் பரிசோதிக்கும் நம்பகமான ஆய்வகம் எது? சிறுநீரக மருத்துவரைப் பார்ப்பதா, தொழில்சார் நோய் மருத்துவரையா? இதே தொழிலில் இருந்து சிகிச்சை பெற்றவர்கள் யாராவது இருந்தால் அனுபவத்தைச் சொல்லுங்கள். வேலை உடையை அம்மாதான் கையால் துவைக்கிறார். அவருக்கும் பரிசோதனை தேவையா?