சிட்டுக்குருவி அளவில் ஒரு வல்லூறு: நீங்கள் எங்கே பார்த்தீர்கள்?

தைப்பிங்கிலிருந்து:
மலேசியாவில் எங்கள் ஊர்ப் பக்கம், செம்பனைத் தோட்டம் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் ஒரு பட்டமரம். அதன் உச்சிக் கிளையில் மூன்று சிறு பறவைகள் தோள் உரச உட்கார்ந்திருந்தன. தகைவிலான் என்று நினைத்துத் தொலைநோக்கியை இறக்கப் போனேன். அதற்குள் ஒன்று விருட்டென்று பாய்ந்து, ஒரு தும்பியைக் காலால் பற்றிக்கொண்டு அதே கிளைக்குத் திரும்பியது. தகைவிலான் அலகால்தான் பூச்சி பிடிக்கும். காலால் பிடித்தது என்றால் அது வேட்டைப் பறவை! எனக்குக் கை நடுங்கிவிட்டது.

கருந்தொடைக் குட்டி வல்லூறு அது. நீளம் சுமார் 15 சென்டிமீட்டர், எடை சுமார் 35 கிராம்தான். பளபளக்கும் கறுப்பு முதுகு, வெள்ளைத் தொண்டை, வெளிர் செம்பழுப்பு வயிறு. கண்ணை மூடிய கறுப்புப் பட்டைக்குப் பின்னால் மெல்லிய வெள்ளைக் கோடு. தும்பியின் இறக்கைகளை ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போட்டது. அவை வெயிலில் மின்னிக்கொண்டு சுழன்று இறங்கின. தின்று முடித்ததும் பக்கத்திலிருந்த பறவையின் கழுத்தைக் கோதிவிட்டது. அந்தக் காட்சியை என்னால் மறக்கவே முடியாது.

சண்டகானிலிருந்து:
ஐயா, போர்னியோ தீவில் இருக்கும் எங்கள் சபா மாநிலத்தில் நாங்கள் பார்ப்பது வெண்ணெற்றிக் குட்டி வல்லூறு. செப்பிலோக் காட்டில் மரங்களுக்கு மேலே அமைந்த நடைபாலத்தில் நின்றபோது ஒரு ஜோடி எதிரில் வந்து அமர்ந்தது. ஆணுக்கு நெற்றி வெள்ளை, பெண்ணுக்குச் செம்பழுப்பு. நீங்கள் சொன்ன அந்தக் கண்ணுக்குப் பின்னாலுள்ள வெள்ளைக் கோடு இரண்டுக்கும் இல்லை. "கழுகுக் குஞ்சா அப்பா?" என்று என் மகள் கேட்டாள். என்ன சொல்லியிருக்க வேண்டும்?

தைப்பிங்கிலிருந்து:
வளர்ந்த பறவைதான் என்று சொல்லுங்கள் தம்பி. கழுகோடு அதற்கு நெருங்கிய உறவும் இல்லை. வல்லூறுகளுக்குக் கழுகு, பருந்தைவிடக் கிளியும் சிட்டும்தான் நெருங்கிய சொந்தம் என்று 2008இல் வெளிவந்த பெரிய மரபணு ஆய்வு காட்டியது. கொக்கி அலகும் கூர்நகமும் கழுகு, வல்லூறு ஆகிய இரு வம்சத்திலும் தனித்தனியே உருவானவை என்று பலர் கருதுகிறார்கள். நாம் பார்த்த இரண்டும் அடங்கிய குட்டி வல்லூறுக் குடும்பக் கிளைக்கு மைக்ரோஹையராக்ஸ் பேரினம் என்று பெயர்; அதில் மொத்தம் ஐந்து இனங்கள். அனைத்தும் ஆசியாவில் மட்டுமே வாழ்கின்றன. மகளுக்கு அந்தக் கிளிச் சொந்தம் பிடிக்கும்.

இவை சொந்தமாகப் பொந்து குடைவதில்லை. மரங்கொத்தியும் குக்குறுவானும் விட்டுப்போன பொந்தில்தான் முட்டையிடும். அதனால்தான் பட்டமரத்தை யாராவது வெட்டினால் எனக்கு வயிறு எரிகிறது. எங்கள் மரத்தில் இருபதடி உயரத்தில் ஒரு பொந்து உண்டு. போன வாரம் அதிலிருந்து ஒரு கறுப்புத் தலை எட்டிப் பார்த்தது.