4294967297 பகா எண்ணா, பகு எண்ணா? இரண்டு நிரல்கள் இரண்டு விடை தருகின்றன

கேள்வி:
வணக்கம். ஃபெர்மாவின் சிறு தேற்றத்தை வைத்துப் பகா எண்ணைக் கண்டறியும் நிரல் ஒன்றைப் பைத்தானில் எழுதியிருக்கிறேன். சோதிக்கும் எண்ணில் ஒன்று குறைத்து, 2-ஐ அந்த அடுக்குக்கு உயர்த்தி, சோதிக்கும் எண்ணாலேயே வகுக்கும்போது மீதி 1 வந்தால் அது பகா எண் என்று நிரல் அறிவிக்கும். 4294967297-க்கு, அதாவது 2³² + 1-க்கு, மீதி 1 தான் வருகிறது. ஆனால் 3, 5, 7 என்று வரிசையாக வகுத்துப் பார்க்கும் என் பழைய நிரலோ 641-இல் மீதியின்றி நின்றுவிடுகிறது. பிழை எந்த நிரலில் என்று இரண்டு நாளாகத் தேடியும் பிடிபடவில்லை.

மறுமொழி 1:
32 பிட் மாறியில் இந்த எண் அடங்காது. மேல் பிட் உதிர்ந்து வெறும் 1 ஆகிவிடும். மாறியின் வகையைப் பாருங்கள்.

கேட்டவர்:
நன்றி ஐயா. பைத்தானின் முழு எண்ணுக்கு அந்த வரம்பு இல்லை. அச்சிட்டுப் பார்த்தேன், பத்து இலக்கமும் அப்படியே இருக்கின்றன.

மறுமொழி 2:
இரண்டு நிரல்களும் சொன்ன கணக்கைச் சரியாகவே செய்கின்றன; மீதி 1 என்றால் பகா எண் என்று நீங்கள் கொண்ட முடிவுதான் தவறு. பகா எண்ணுக்கு மீதி 1 வரும் என்பதே தேற்றம், அதன் மறுதலை உண்மையன்று. இங்கே 2³² உங்கள் எண்ணைவிட ஒன்று குறைவு என்பதால் அதன் மீதியை −1 எனக் கொள்ளலாம். அதை வர்க்கப்படுத்தினால் 2⁶⁴-இன் மீதி 1. நீங்கள் எடுத்த அடுக்கான 4294967296, 64-இன் மடங்கு. ஆகவே 1 வராமல் வேறு வழியே இல்லை.

641-ஐக் கையாலேயே சரிபார்க்கலாம். 641 என்பது 5 × 2⁷ + 1. அதுவே 5⁴ + 2⁴-உம் ஆகும். முதலாவதின்படி 5 × 2⁷-இன் மீதி −1, எனவே அதன் நான்காம் அடுக்கான 5⁴ × 2²⁸-இன் மீதி 1. இரண்டாவதின்படி 5⁴ இருக்கும் இடத்தில் −2⁴ இட்டால், −2³²-இன் மீதி 1 என்றாகிறது. அதாவது 2³² + 1, 641-ஆல் மீதியின்றி வகுபடும். 2-ஐ 1, 2, 4, 8, 16, 32 போன்ற அடுக்குக்கு உயர்த்தி 1 கூட்டிய இவ்வகை எண்கள் அனைத்தும் பகா எண்கள் என்றே ஃபெர்மா நம்பினார். இந்தக் காரணியை 1732-இல் ஆய்லர் கண்டுபிடித்தார்.

கேட்டவர்:
மிக்க நன்றி. ஈவு 6700417 வருகிறது. அதையும் மேலும் பிரிக்க முடியுமா?

மறுமொழி 2:
முடியாது. உங்கள் எண்ணின் பகாக் காரணி எதுவும் 128-இன் மடங்கோடு ஒன்று கூட்டிய வடிவில்தான் இருக்கும். 641-க்குக் கீழே காரணி இல்லை என்பதைப் பழைய நிரலே காட்டிவிட்டது. 6700417-இன் வர்க்கமூலமோ 2589-க்குள் அடங்கும். இடையில் அந்த வடிவில் உள்ள பகா எண்கள் 641, 769, 1153, 1409 ஆகிய நான்கே. வகுத்தால் முறையே 44, 120, 334, 622 மீதியாகின்றன.

கேட்டவர்:
அடிமானத்தை, அதாவது அடுக்குக்கு உயர்த்தும் 2-ஐ, 3 என மாற்றியதும் மீதி 3029026160 வந்து, பகு எண் என்று நிரல் சரியாகச் சொல்லிவிட்டது. இனி 3-ஐயே வைத்துக்கொள்ளலாம் அல்லவா?

மறுமொழி 2:
அதற்கு முன் 91-ஐக் கொடுத்துப் பாருங்கள்.

கேட்டவர்:
பகா எண் என்கிறது. 7 × 13! பல அடிமானங்களில் சோதிக்கும்படி நிரலை மாற்றி எழுதுகிறேன்.