உராய்வா, உள்குத்தகையா? சிவகாசிப் பட்டாசு ஆலை விபத்துகள் குறித்து ஒரு விவாதம்

கரிசல்மகள்:

ஒவ்வொரு முறை ஆலை வெடிக்கும்போதும் மறுநாள் நாளிதழில் "மருந்துக் கலவையில் ஏற்பட்ட உராய்வே விபத்துக்குக் காரணம்" என்ற வரி வந்துவிடுகிறது. (பட்டாசுக்குள் வைக்கும் வெடிபொருளைத்தான் இங்கே மருந்து என்கிறோம்.) அந்த வரியோடு விசாரணை முடிந்துவிடுவதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

என் அம்மா இருபத்திரண்டு ஆண்டுகள் பட்டாசு ஆலையில் வேலை பார்த்தவர். மாலையில் கம்பெனி வேனிலிருந்து இறங்கும்போது முழங்கைவரை அலுமினியப் பொடி படிந்து கை வெள்ளிபோல மின்னும். தேய்த்துக் குளித்த பிறகும் நகக்கண்ணில் அந்த மினுக்கம் போகாது. அந்தக் கை பிசைந்து ஊட்டிய சோற்றில் வளர்ந்தவள் நான். ஆகவே இந்தத் தொழில் ஒழிய வேண்டும் என்று எழுத வரவில்லை.

உராய்வு என்பது கடைசி நொடியில் நடப்பது. அந்த அறையில் அவ்வளவு மருந்து ஏன் இருந்தது, நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாத இடத்தில் ஏன் எட்டுப் பேர் இருந்தார்கள் என்பவைதான் கேட்கப்பட வேண்டிய கேள்விகள். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் நடந்த வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, ஆலையைப் பலர் பிரித்துக் குத்தகைக்கு எடுத்து நடத்தியதாக அப்போது வெளிவந்தது. நான்கு அறை ஒருவருக்கு, ஆறு அறை இன்னொருவருக்கு என்று வாடகை வீடுபோலப் பிரித்துக் கொடுத்துவிட்டால், குத்தகைக்கு எடுத்தவர் தீபாவளிக்குள் போட்ட பணத்தை எடுத்தாக வேண்டும். அதற்காக ஆளைக் கூட்டுகிறார், மருந்தைக் கூட்டுகிறார், மரத்தடியிலும் வேலையை நடத்துகிறார்.

என் கோரிக்கைகள் இரண்டு. இப்படி உரிமதாரர் அறைகளைப் பிறருக்குப் பிரித்து விடும் உள்குத்தகை நிரூபிக்கப்பட்டால் அந்த உரிமம் நிரந்தரமாக ரத்தாக வேண்டும். மருந்து கலக்கும் அறையிலும் அதைப் பட்டாசுக்குள் செலுத்தும் அறையிலும், செய்த எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி தரும் பீஸ் ரேட் முறையை ஒழித்து நாள்கூலி கொடுக்க வேண்டும்.

சிறுஉற்பத்தியாளர்:

சகோதரியின் அம்மாவைப் போன்றவர்களின் உழைப்பில்தான் எங்கள் குடும்பமும் சாப்பிடுகிறது. அந்த மரியாதையோடுதான் மறுக்கிறேன்.

நான் சென்னை உரிமம் வைத்திருப்பவன். இந்தத் தொழிலுக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: வெடிபொருள் பாதுகாப்புத் துறையின் தலைமையகம் இருக்கும் நாக்பூரில் உரிமம் பெற்றவை பெரிய ஆலைகள், அதன் சென்னை அலுவலகத்தில் பெற்றவை நடுத்தர ஆலைகள், மாவட்ட வருவாய் அலுவலரிடம் பெற்றவை மிகச் சிறியவை. எல்லோரையும் ஒரே தராசில் நிறுத்திப் பேசுவது சரியன்று.

2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் சரவெடியைத் தடை செய்தது. பேரியம் உப்புகளைப் பயன்படுத்தக் கூடாது என்றும் சொன்னது. ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. நான் அந்த நாட்களில் வீட்டு நகையை அடகு வைத்துத்தான் தொழிலாளர்களுக்கு அட்வான்ஸ் கொடுத்தேன். சிறிய ஆலைகளில் பெருமளவு கைவேலை சரவெடிப் பின்னலாகத்தான் இருந்தது; அதைச் செய்ய முடியாது என்றானபோது, வேலை தெரிந்த ஆட்கள் கலைந்து போனார்கள். கடன்பட்ட உரிமதாரர் ஆலையைப் பூட்டிவிட்டு உட்கார முடியாமல் அறைகளைக் கைமாற்றி விட்டார். உள்குத்தகை பேராசையால் மட்டும் வந்ததன்று. தொழில் நொடித்த இடத்தில் அது வேர்விட்டது.

நாள்கூலி விஷயத்தில் தொழிலாளர்களையே கேட்டுப் பாருங்கள். கை வேகமுள்ள ஒரு பெண் பீஸ் ரேட்டில் வாங்கும் தொகையை எந்த நாள்கூலியும் தராது. நான் மட்டும் நாள்கூலிக்கு மாறினால், மறுவாரமே என் ஆட்கள் அடுத்த ஆலையின் வேனில் ஏறிப் போய்விடுவார்கள்.

அலட்சியம் என்பதே இல்லை என்றும் சொல்லிவிடாதீர்கள். மருந்துத் தட்டைத் தரையில் இழுக்காதே என்று நாளுக்குப் பத்து முறை சொல்கிறேன். அப்படியும் இழுக்கிறார்கள்.

பழைய போர்மேன்:

முப்பத்தொரு ஆண்டுகள் போர்மேனாக இருந்துவிட்டு வீட்டில் இருப்பவன் நான். நீங்கள் இருவரும் பேசாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எல்லா வெடிவிபத்தும் உராய்வால் வருவதன்று. அலுமினியப் பொடியும் வெடியுப்பும் (பொட்டாசியம் நைட்ரேட்) சேர்ந்த கலவையில் ஈரம் பட்டால் அது தானாகவே உள்ளுக்குள் சூடேறும். யாரும் தொட வேண்டியதில்லை, தேய்க்க வேண்டியதில்லை. இதைத் தடுக்கவே கலவையில் போரிக் அமிலம் சிறிது சேர்ப்பார்கள். இதற்காகவே அன்றன்று கலந்த மருந்தை அன்றன்றே தீர்க்க வேண்டும், மிஞ்சியதை அழித்துவிட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள்.

ஒரு ஐப்பசி மாதம், தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும். இரவு முழுக்கத் தூறல். காலை ஆறரை மணிக்கு மருந்தறைக் கதவைத் திறந்தபோது மூக்கில் நெடி ஏறியது. சாணி மட்கிய குழிப்பக்கம் வருமே, அப்படி ஓர் அமோனியா நெடி. ஈரம் பட்ட கலவை உள்ளுக்குள் வேலை செய்யத் தொடங்கிவிட்டதன் அடையாளம் அது. முந்தின நாள் மிஞ்சிய கலவையை யாரோ வாளியோடு மூலையில் வைத்து மூடிவிட்டுப் போயிருந்தார்கள். வாளியின் பக்கவாட்டில் புறங்கையை வைத்தேன். பால் காய்ச்சிய பாத்திரம்போல வெதுவெதுப்பாக இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்றுதான் மனம் சொல்லியது. தூக்கவில்லை. எல்லோரையும் வேலிக்கு வெளியே அனுப்பிவிட்டு நானும் போய் நின்றேன். முக்கால் மணி நேரம் கழித்து அறையின் கூரை போயிற்று. ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அன்று போன அரை நாள் வேலைக்காக எனக்கு ஒரு வாரச் சம்பளம் பிடிக்கப்பட்டது.

அலட்சியம் பற்றி முதலாளி ஐயா எழுதியிருக்கிறார். அந்த வாளியை வைத்துவிட்டுப் போனவன் அலட்சியக்காரன்தான். ஆனால் கலந்த மருந்தை அழித்தால் அந்த மருந்தின் விலை அவன் கூலியில் கழிக்கப்படும் என்பது அந்த ஆலையின் வழக்கமாக இருந்தது. விபத்து நடந்தால் முதல் தகவல் அறிக்கையில் போர்மேன் பெயர் தவறாமல் ஏறும். மருந்தை அழிக்கச் சொல்லும் அதிகாரம் மட்டும் அவனுக்குக் கிடையாது.

அச்சகத்தார்:

உள்குத்தகையும் கூலி முறையும் முக்கியமானவையே. ஆயினும் இந்த ஊர் ஏன் இந்த ஒரு தொழிலை இவ்வளவு இறுகப் பற்றிக்கொண்டிருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

வானம் பார்த்த கரிசல் பூமி இது. 1923இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யக் கற்று வந்ததிலிருந்து ஊரின் கதை மாறியது. தீப்பெட்டிக்கு லேபிள் தேவைப்பட்டதால் அச்சுத் தொழில் வந்தது. தீக்குச்சி மருந்தோடு பழகிய கைகள் பட்டாசுக்குப் போயின. மழையில்லாத வறண்ட காற்று மூன்று தொழிலுக்கும் ஏற்றதாக இருந்தது. இன்று நாட்டின் பட்டாசில் ஏறத்தாழ 90 விழுக்காடு இந்த வட்டாரத்திலிருந்துதான் போகிறது என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஓராண்டின் வருமானம் முழுவதும் தீபாவளி என்ற ஒரே பண்டிகையைச் சார்ந்திருப்பதுதான் இதில் உள்ள பெரிய ஆபத்து. ஆடிப்பெருக்கன்று பூஜை போட்டு விற்பனையைத் தொடங்குகிறோம். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் விரட்டல்தான். டில்லியில் ஒரு தடை வந்தாலும் இங்கே மருந்தறையில் வேகம் கூடுகிறது, ஏனென்றால் விற்பதற்கான நாட்கள் குறைந்துவிடுகின்றன.

தீப்பெட்டித் தொழிலைப் பாருங்கள். ஒரு காலத்தில் குழந்தைத் தொழிலாளர்களால் பெயர் கெட்டது. 1996 டிசம்பரில், சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர்களைப் பற்றிய வழக்கில்தான், ஆபத்தான தொழிலில் குழந்தையை வேலைக்கு வைக்கும் முதலாளி ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அன்றும் தொழில் அழிந்துவிடும் என்றுதான் பேசினார்கள். தொழில் அழியவில்லை, இயந்திரம் வந்தது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். பட்டாசிலும் மருந்து கலப்பதை மனிதக் கையிலிருந்து விலக்க முடியும்; சுவருக்கு அப்பால் நின்று இயக்கும் கலவை இயந்திரத்துக்குச் சிறிய ஆலைகள் பத்துச் சேர்ந்து செலவு செய்யலாம்.

சிறுஉற்பத்தியாளர்:

அச்சகத்தார் அண்ணாச்சி சொல்வது பேச நன்றாக இருக்கிறது. பத்து ஆலைக்குப் பொதுவாக ஓரிடத்தில் கலந்த மருந்தை ஆலைகளுக்கு எப்படிக் கொண்டுபோவது? கலந்த மருந்தை வண்டியில் ஏற்றிச் சாலையில் கொண்டுபோவதைப் போன்ற ஆபத்து வேறொன்றுமில்லை. தீக்குச்சி ஒரே அச்சில் வார்த்ததுபோல வருவது; பட்டாசில் சக்கரத்துக்கு ஒரு கலவை, பூச்சட்டிக்கு ஒரு கலவை, வானில் வண்ணம் சிதறும் பேன்சி ரகத்துக்கு வேறு வேறு மணி மருந்து, அதாவது மணிமணியாகச் செய்த மருந்து. இரண்டையும் ஒப்பிடுவது பொருந்தாது.

இன்னொன்றும் உண்டு. விபத்து நடந்த மறுநாள் எல்லா ஆலைகளிலும் ஆய்வு வருகிறது. சிறு குறைக்கும் உரிமம் நிறுத்தப்படுகிறது. வேலை நின்றுபோனவுடன் அந்த மருந்து வீடுகளுக்குப் போகிறது. பட்டாசுத் திரியான கருந்திரியைச் சுற்றும் வீட்டில் அடுப்பு எரிகிறது, குழந்தை விளையாடுகிறது. ஆலையை மூடினால் ஆபத்து ஊருக்குள் வந்துவிடும் என்பதை அதிகாரிகளும் நீதிமன்றமும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கரிசல்மகள்:

வீட்டுக்குள் மருந்து வருவது பற்றி நீங்கள் சொல்வது முழு உண்மை. எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். பொது இடத்தில் கலப்பது பற்றிய உங்கள் மறுப்பையும் ஏற்கிறேன். ஆனால் ஆய்வைத் தளர்த்த வேண்டும் என்ற முடிவுக்கு இவை கொண்டுபோகவில்லை.

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். விதிமீறலுக்காக உரிமம் நிறுத்தி வைக்கப்பட்ட பிறகும் வேலை நடந்துகொண்டிருந்த ஆலை அது. அங்கே இறந்த முப்பதுக்கும் மேற்பட்டவர்களில் பலர் அந்த ஆலையின் தொழிலாளர்களே அல்லர். முதல் வெடிச்சத்தம் கேட்டுக் காப்பாற்ற ஓடிய பக்கத்து ஊர்க்காரர்கள், அடுத்தடுத்து வெடித்ததில் மாண்டார்கள். அறைக்கும் அறைக்கும் இருக்க வேண்டிய இடைவெளியில் சரக்கைக் குவித்தால், ஓர் அறையின் தீ அந்த அறையோடு நிற்காது. அந்த இடைவெளியைத்தான் ஆய்வுக்கு வருபவர்கள் அளக்கிறார்கள். அதைச் சிறு குறை என்று எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

தொழில் நொடித்ததால் உள்குத்தகை வந்தது என்கிறீர்கள். முதலிப்பட்டி விபத்து நடந்தது 2012இல். தீர்ப்பு வந்தது 2018இல். சட்டத்தை மீறி ஆலை நடத்தும் பழக்கத்துக்குத் தீர்ப்பைக் காரணமாகச் சொல்ல முடியாது. நட்டம் வந்தவர் ஆலையை விற்கலாம். உரிமத்தைத் தன் பெயரில் வைத்துக்கொண்டு வாடகையை வாங்கிக்கொண்டு, வெடித்த அன்று "நான் நடத்தவில்லை" என்று சொல்வதற்கு மட்டும் அவருக்கு உரிமை இல்லை.

என் அம்மாவோடு வேலை பார்த்த ஒரு அக்கா, வெடிவிபத்தில் காயம்பட்டு மருத்துவமனையில் நாற்பது நாட்கள் கிடந்தார். இழப்பீட்டுக்கு மனு எழுதும்போது "உங்கள் முதலாளி யார்" என்று கேட்டார்கள். அவருக்குத் தெரிந்ததெல்லாம் சனிக்கிழமை சம்பளம் கொடுக்கும் கணக்கப்பிள்ளையின் முகம்தான். ஆலை வாசலில் உரிமதாரர் பெயர் எழுதிய பலகை இருந்தது. அந்த மனிதரை அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை.

அச்சகத்தார்:

கலவை இயந்திரம் பற்றி நான் எழுதியதில் போக்குவரத்து ஆபத்தை எண்ணவில்லை. அந்தத் திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இயந்திரத்தையே ஆலைக்கு ஆலை கொண்டுபோகலாமா, அல்லது ஒவ்வொரு ஆலையிலும் சிறிய அளவில் நிறுவ அரசு மானியக் கடன் கொடுக்கலாமா என்று யோசிக்க இடமிருக்கிறது. இறந்த பிறகு குடும்பத்துக்கு லட்சக்கணக்கில் நிவாரணம் கொடுக்கும் அரசு, அதே பணத்தின் ஒரு பகுதியை இறப்பதற்கு முன்பே செலவிடலாம் அல்லவா?

சிறுஉற்பத்தியாளர்:

முதலிப்பட்டியைச் சொன்ன பிறகு என்னால் வாதாட முடியவில்லை. அன்று நான் சிவகாசி அரசு மருத்துவமனை வாசலில் நின்றவன்.

உரிமத்தை வாடகைக்கு விடுவதை நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் உரிமம் நிரந்தரமாக ரத்தானால் அந்த ஆலையை நம்பியிருந்த எண்பது பேரும் தெருவில் நிற்பார்கள். உரிமத்தை அரசே எடுத்து, உண்மையில் ஆலையை நடத்தத் தகுதியுள்ள வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்கட்டும், அதை ஆதரிக்கிறேன். மருந்தறைக்கு மட்டும் நாள்கூலி என்பதையும் ஏற்கிறேன், ஆனால் எல்லா ஆலைகளுக்கும் ஒரே நாளில், ஒரே தொகையில் அது நடைமுறைக்கு வர வேண்டும். நான் தனியாகச் செய்தால் ஆறு மாதம் தாங்க மாட்டேன்.

போர்மேன் ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். நாள்கூலி வந்துவிட்டால் மிஞ்சிய மருந்தை அழிப்பார்கள் என்று நம்புகிறீர்களா?

பழைய போர்மேன்:

நாள்கூலி மட்டும் போதாது, ஐயா. மருந்தின் விலை கூலியில் கழிக்கப்படாவிட்டாலும், "இவ்வளவை வீணாக்கினாயா" என்று மாலையில் கணக்கப்பிள்ளை கேட்டால், மறுநாள் அவன் மறைத்துத்தான் வைப்பான்.

நான் கடைசியாக வேலை பார்த்த ஆலையில் ஒரு முறை வைத்திருந்தோம். காலையில் மருந்து கலப்பவர், அன்று வந்திருக்கும் ஆட்களை எண்ணி, அவர்கள் பதினொரு மணிவரை செலுத்தக்கூடிய அளவு மட்டுமே கலப்பார். வெயில் ஏறிய பிறகு மருந்தறையில் வேலை கிடையாது. மாலை நான்கு மணிக்கு நான் ஒவ்வொரு அறைக்கும் போய் வாளிகளைக் கவிழ்த்துப் பார்ப்பேன். மிஞ்சியது ஐந்து கிலோவாக இருந்தாலும் அன்றே அழிப்போம். அதற்கென்று ஒரு நோட்டு உண்டு, அதில் முதலாளியே கையெழுத்திடுவார், செலவு ஆலைக் கணக்கில் போகும். ஒன்பது ஆண்டுகள் அந்த நோட்டை எழுதினேன். அந்த ஒன்பது ஆண்டுகளில் அந்த ஆலையில் ஓர் அறைகூட வெடிக்கவில்லை.

பிறகு ஆலை குத்தகைக்குப் போனது. புதிதாக வந்தவர்கள் ஆறு பேர்; யாரிடம் கையெழுத்து வாங்குவது என்று தெரியாமல் அந்த நோட்டு நின்றுபோனது. நானும் அந்தத் தையோடு வேலையை விட்டுவிட்டேன்.